ஆற்றுப்படமும் ஓரம் வெட்டிய படங்களும்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. கல்முனையில் எங்கள் ஸ்டூடியோவில் உள்ள என்லார்ஜரின் வில்லையில், கடற்காற்றுப் பட்டுப் பூஞ்சணம் பிடித்தது. படங்களைப் பெருப்பிக்க முடியாமல் போனது.

2. கடையை நடத்தும் என் தங்கை றிஸானா, தான் எடுத்துக் கழுவிய நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பத் தொடங்கினாள். பெரிய படமாக அடித்துக் கொடுப்பது என் வேலை.

3. அடித்து அனுப்பினேன். வாப்பா பழக்கியபடி, முகம் நடுவில் வர, ஓரங்களை வெட்டி.

4. என்னோடு வேலை செய்யும் ஷிப்ரா என்ற வங்காளப் படப்பிடிப்பாளர், பழைய வங்காள சினிமாப் படங்களை எனக்குப் பார்க்கத் தந்தார்.

5. அவற்றில் இரண்டைப் பார்த்த பிறகு, தங்கையின் நெகட்டிவ்களை ஓரம் வெட்டாமல் மறுபடி அடித்தேன்.

6. ஊருக்கு டெலிபோன் கோல் எடுத்தேன்.

ஆறையும் இப்படி எழுதிப் பார்த்தால் சிறிய விஷயமாகத்தான் தெரிகிறது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கையின் பெயரையும் எதிர்க்கடைக்காரரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை மாற்றவில்லை. அதை மாற்றினால் நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது எனக்கே விளங்காமல் போய்விடும்.

*

நாங்கள் இங்கு வந்து இந்த மார்ச்சோடு மூன்று வருடம் முடிகிறது. என் கணவர் ஜௌபர் மின்சார வேலை செய்கிறார். மகள் நஸ்ரின் நேர்சரிக்குப் போகிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். கோபம் வந்தால் மட்டும் "உம்மா" என்று நீட்டிக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லாவது நிற்கட்டும் என்று சில வேளை அவளை வேண்டுமென்றே கோபப்படுத்திப் பார்ப்பேன்.

நான் வேலை செய்வது கிழக்கு லண்டனில் ஒரு படக்கழுவு நிலையத்தில். பகல் முழுவதும் மற்றவர்களின் கலியாணங்கள் என் கைக்குள்ளால் போகின்றன. ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரின் மகள் என்பதாலும், கொழும்பில் இரண்டு வருடம் இந்தத் தொழிலை முறையாகப் படித்ததாலும் வேலை இலகுவாகக் கிடைத்தது.

நம் பக்கத்து ஸ்டூடியோக்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண்கள் படம் எடுக்க வந்தால் வாப்பா விளக்குகளைச் சரிசெய்துவிட்டு வெளியே போய்விடுவார். கமராவை அழுத்துவது நான். நான் இங்கு வந்த பிறகு றிஸானா. அந்த நெகட்டிவ்களை வேறாக ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருப்போம். ஆண்கள் தொடுவதில்லை. வீதியைப் பார்த்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் மாப்பிள்ளைமாரும் பள்ளிக்கூடப் பொடியன்மாரும் உதைபந்தாட்டக் குழுவும் இருப்பார்கள். ஒரு பெண்ணின் முகமும் இருக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் கமராவில் விழும் படம் சதுரமானது. அடிக்கும் காகிதம் சதுரமில்லை. எனவே இரண்டு பக்கமும் ஓரம் போய்விடும். "போகட்டும் புள்ள, முகத்துக்குத்தான் ஆக்கள் வாறாங்க. பின்னால கிடக்கிறது குப்பை" என்பார் வாப்பா. பின்னால் தென்னை மட்டையோ வேலியோ தெரிந்தால் அடிக்கும்போது முகத்தைக் கையால் மறைத்து, அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து அதை இருட்டாக்கிவிடவும் பழக்கினார்; வெளிச்சம் கூடினால் காகிதம் கறுக்கும். நான் அதில் கெட்டிக்காரி.

வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். உம்மாவும் றிஸானாவும் மட்டும்தான் அங்கே. றிஸானாவை இங்கே எடுக்க வேண்டும் என்று நாங்கள் சென்ற வருடமே முடிவு செய்தோம். உம்மா மூத்த மாமா வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். றிஸானாதான் வர மாட்டேன் என்றாள். ஆனாலும் விசாவுக்குப் போட்டோம்.

குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"உங்கள் தங்கை திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"அவளுக்கு அங்கே கடை இருக்கிறது."

"கடை நன்றாக நடக்கிறதா?"

"நடக்கிறது."

"அப்படியானால் ஏன் வருகிறார்?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ஜௌபர் தலையில் கை வைத்தார். "நல்லா இரிக்கெண்டா ஏன் வாறா எண்டு கேப்பாங்க. நல்லா இல்லையெண்டா திரும்பிப் போகமாட்டா எண்டு சொல்லுவாங்க. நடுவுல ஒரு மாதிரி இரிக்கெண்டு எப்பிடிகா எழுதுற?"

கடையின் முகப்பைப் படம் எடுத்து அனுப்பும்படி றிஸானாவுக்கு எழுதினேன். பெயர்ப்பலகையும் அவளும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று. உம்மாவிடம் கமராவைக் கொடுத்து எடுத்திருக்கிறாள். படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்தி, ஓரங்களை வெட்டி, அழகாக அடித்து அலுவலகத்தில் கொடுத்தேன்.

*

ஷிப்ராவுக்கு நாற்பது வயதுக்கு மேல். கல்கத்தாக்காரர். வார நாட்களில் எங்கள் நிலையத்தில் படம் அடிப்பார், சனி ஞாயிறுகளில் கலியாணங்களுக்குக் கமரா தூக்குவார். அவர்களின் முறைப்படி, அக்கா என்ற பொருளில், "ஷிப்ராதி" என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது நான் அடித்துக் காயப் போட்டிருந்த றிஸானாவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் எடுத்தது?"

"தங்கை."

"அடித்தது?"

"நான்."

"அவள் உன்னைவிட நல்ல படப்பிடிப்பாளராக இருப்பாள் போலிருக்கிறதே. ஆனால் இந்தப் படங்களில் எதுவோ மூச்சு முட்டுகிறது." பிறகு என்னைப் பார்த்து, "நீ சினிமா பார்ப்பாயா?" என்றார்.

"பார்ப்பேன். தமிழ்ப் படம், ஹிந்திப் படம்."

"பாட்டும் அழுகையும். சரி, நான் தருகிறேன். பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டு."

மறுநாள் மூன்று வீடியோ கசெட்டுகள் கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் போனபோது பதிவு செய்தவை. எல்லாம் அவருடைய தகப்பன் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள். முதுகில் வங்காள எழுத்தில் பெயர்கள் இருந்தன. எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் வீட்டில் நாங்களே பெயர் வைத்தோம். ஆற்றுப்படம், படிக்கட்டுப்படம், கலியாணப்படம்.

முதலில் ஆற்றுப்படம். ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் இருந்து பார்த்தோம். ஆற்றங்கரையில் ஒரு தோணிக்காரர் குடும்பம். மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதும் போவதும், தாய் பலகாரம் சுடுவதும், தகப்பன் யோசிப்பதும்தான் கதை. நான் கீழே ஓடும் ஆங்கில வரிகளை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னகா இது? பாட்டும் இல்ல, அடிபிடியும் இல்ல. ஆறு மட்டும் ஓடுது" என்றார் ஜௌபர். "ஊருல கிட்டங்கித் துறையில போய் நிண்டா இத சும்மா பாக்கலாமே."

"சும்மா இருங்க. கதை போகுது."

"எங்க போகுது? நானும் அதத்தான் தேடுறன்."

அப்போது நஸ்ரின் ஆங்கிலத்தில் கேட்டாள். "ஏன் அவர்கள் அந்தக் கயிற்றைத் தண்ணீருக்குக் கிட்டக் கட்டுகிறார்கள்?"

எந்தக் கயிறு என்று கேட்டேன். துணி காயப்போடும் கயிறு என்றாள். கசெட்டைத் திருப்பி ஓட விட்டோம். தாய் துணி காயப்போடும் காட்சி நாலைந்து இடத்தில் வருகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முன்னால் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால், ஓரத்தில், அந்தக் கயிறு. முதல் காட்சியில் அதற்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு பெரிய முற்றம் இருக்கிறது, ஒரு முருங்கை மரம் நிற்கிறது. அடுத்ததில் முருங்கை மரம் இல்லை. அதற்கடுத்ததில் முற்றம் இல்லை. கயிற்றை யாரும் நகர்த்தவில்லை. ஆறுதான் கரையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. ஆற்றைப் பற்றிப் படத்தில் எவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கடைசிக் காட்சியில் மணப்பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் தண்ணீர் மட்டும்.

ஜௌபர் எழும்பிப் போய் லைட்டைப் போட்டார். அதன் பிறகு பகிடி விடவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ராதியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எழுத்தை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு கலியாணம் பேசுவதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை. உன் மகளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் கண்டுவிட்டாள்."

"ஏன் அப்படி எடுக்கிறார்கள்? ஆற்றை நேரே காட்டினால் என்ன?"

"வருகிற அழிவை நடுவில் வைத்தால் நீ பயப்படுவாய், பிறகு வீட்டுக்குப் போய்விடுவாய். ஓரத்தில் வைத்தால் வீட்டிலும் ஓரங்களைப் பார்க்கத் தொடங்குவாய். அடுத்ததையும் பார்."

படிக்கட்டுப்படத்தில் ஒரு பெரிய வாடகை வீடு. படியடியில் செருப்புகள். கதை மாடியில் நடக்கிறது. செருப்புகள் குறைந்துகொண்டு வருகின்றன. இந்த முறை நான் எழுத்தை வாசிக்கவில்லை. செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிய முன்னமே எனக்குத் தங்கையின் நெகட்டிவ்கள் ஞாபகம் வந்தன.

*

அடுத்த நாள் வேலை முடிந்ததும் முதலாளியிடம் கேட்டு இருட்டறையில் நின்றேன். நாலு மாதமாக வந்த நெகட்டிவ்களைத் திகதி ஒழுங்கில் வைத்து, சதுரம் முழுவதும் விழும்படி, ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட வெட்டாமல் அடித்தேன். எதையும் இருட்டாக்கவில்லை. ஷிப்ராதியும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நின்றார்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே செபமாலை அண்ணரின் தையல்கடை. தமிழர், கத்தோலிக்கர். நான் பிறக்க முன்பிருந்தே அங்கே இருப்பவர். நம் பக்கத்து மணப்பெண்கள் அவரிடம் சட்டை தைத்து, வீதியைக் கடந்து எங்களிடம் வந்து படம் எடுப்பார்கள். ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியும் அவர் தைத்துத் தந்ததுதான். அகலம் போதாமல் நடுவில் ஒரு தையல் மூட்டுப் போட்டிருப்பார்.

டெவலப்பர் தட்டில் முதல் படம் மெல்ல எழும்பியது. எங்கள் கடை வாசலில், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு புதுப்பெண்; றிஸானா உள்ளே நின்று எடுத்திருக்கிறாள். இடது ஓரத்தில் தையல்கடை திறந்திருக்கிறது. அண்ணர் மிசினில் குனிந்திருக்கிறார்.

இரண்டாவதில் வேறொரு பெண், அதே வாசல். தையல்கடையை அடைக்கும் பலகைகளில் பாதி போட்டிருக்கிறது. மிசின் உள்ளே தள்ளி இருக்கிறது. வலது ஓரத்தில், சந்தியில், டயர்கள் குவிந்திருக்கின்றன.

மூன்றாவதில் பலகைகள் முழுவதும் போட்டுப் பூட்டு. சந்தியில் மணல் மூடைகள். ஒரு சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு வருகிறார்.

நாலாவதில் பூட்டிய பலகைகளில் தாரால் ஏதோ எழுதி, பிறகு யாரோ அதை அழித்திருக்கிறார்கள். வீதியில் ஒரு ஆள் இல்லை. பகல் வெளிச்சம். நடுவில் நிற்கும் பெண் மட்டும் மிக அழகாகச் சிரிக்கிறாள்.

கடைசியாக, விசாவுக்கென்று உம்மா எடுத்த படம். பெயர்ப்பலகை, றிஸானா, வலது ஓரத்தில் எங்கள் கண்ணாடிப் பெட்டி. பெட்டி வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளைமார், பொடியன்மார், உதைபந்தாட்டக் குழு, ஒருவரும் இல்லை. ஒட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளிறிய சதுரங்களாகத் தெரிந்தன. யாராவது வந்து விரல் நீட்டி இவன் யார், இவன் வீடு எங்கே என்று கேட்கக்கூடும் என்று பயந்தால் அல்லாமல் ஒரு ஸ்டூடியோக்காரி அந்தப் பெட்டியைக் காலி செய்ய மாட்டாள்.

ஷிப்ராதி ஐந்தையும் ஈரத்தோடு வரிசையாக வைத்தார். பிறகு கேட்டார்.

"இவள் எல்லாப் பெண்களையும் ஏன் ஒரே வாசலில் ஒரே இடத்தில் நிற்பாட்டுகிறாள்? வெயில்கூட அங்கே சரியில்லை."

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. றிஸானாவுக்கு வெளிச்சம் தெரியும். நான் பழக்கியவள்.

*

ஊரில் எங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை. நாலு கடை தள்ளி மருந்துக்கடையில் இருக்கிறது. ட்ரங்க் கோல் பதிந்து, விட்டு விட்டுக் காத்திருந்து, கடைசியில் சனிக்கிழமை காலை கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார். அங்கே யாரோ இருமுவதும் கேட்டது. கேட்டுக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள் என்று விளங்கியது.

"ஸலாம் ராத்தா. உம்மா சுகம். நானும் சுகம். நஸ்ரின் என்ன சொல்றா?"

"அவ இரிக்கட்டும். செபமாலை அண்ணர் எங்க?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள் போலும், குரல் கிட்ட வந்தது.

"இப்பத்தான் கண்டயா?" என்றாள்.

"ஓம்."

"நாலு மாசமா அனுப்புறன் ராத்தா. கடிதத்தை உடைச்சி ஒட்டித்தான் விடுறாங்க, எழுதேலா. ராத்தா சதுரத்த முழுசாப் பாப்பா எண்டு வெச்சி வெச்சி எடுத்தன். நீ என்ன செய்த? வெட்டிப்போட்டு முகத்த அனுப்புற. இஞ்ச பொண்டுகள் எல்லாம் சந்தோசம். லண்டன் ராத்தா வெள்ளையா அடிச்சிரிக்காவாம்." சிரித்தாள். "வாப்பாட புள்ளதான் நீ."

எனக்குச் சிரிக்க வரவில்லை.

"அண்ணர் எங்க?"

"மகள்ர ஊட்ட, மட்டக்களப்புக்குப் போயிட்டார். மிசின் எங்கட பின்னறைக்குள்ள. கடைப் பூட்டுட திறப்பும் என்னட்ட." குரலைத் தாழ்த்தினாள். "அது ஒருத்தருக்கும் தெரியா."

"நீ வா றிஸானா. விசாவுக்குப் போட்டிரிக்கி. கிடைச்சதும் ஏறு."

"வந்தா ஆரு படம் எடுக்கிற? அடையாள அட்டை இல்லாம ஒரு பொண்ணும் இந்தச் சந்தியத் தாண்டேலா இப்ப. ஆம்புளைக்கு முன்னால முக்காட்ட எடுத்துப்போட்டு நிக்கவும் மாட்டாங்க. எங்கட ஆக்கள் மட்டுமா? தமிழ்ப் புள்ளைகளும் என்னட்டத்தான் வாறாங்க. சவளக்கடையிலயிருந்து தண்ணியக் கடந்து வாறாங்க. இன்னமும் வாறாங்க ராத்தா."

"எவ்வளவு நாளைக்கு வருவாங்க?"

"வாற வரைக்கும் நான் கடைய மூடமாட்டன். அவங்க வாறது நிண்டா, அண்டைக்கு மூடுறன். மறுகா நீ சொல்ற இடத்துக்கு வாறன். வாப்பாட மேல ஆணை."

"அத எனக்கு எப்பிடித் தெரியும்?"

"படத்துல பாரு. இனியாவது முழுசாப் பாரு." பிறகு உரத்த குரலில், எல்லோருக்கும் கேட்க, "சரி ராத்தா, வில்லைய கெதியா அனுப்பு, பூஞ்சணம் கூடிட்டு" என்றாள். கோல் அறுந்தது.

*

அந்த வாரமே புதிய வில்லையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கலியாணப்படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஷிப்ராதி கேட்டபோது பிறகு பார்க்கிறேன் என்றேன். "நல்லது. அது இந்த இரண்டையும்விடப் பொல்லாதது" என்று சொல்லிவிட்டு வற்புறுத்தாமல் போய்விட்டார். கசெட் தொலைக்காட்சியின் மேல் இருக்கிறது. பள்ளிவாசலில் ஊர்க்காரர்களைக் கண்டால் ஜௌபர் முதலில் அந்தச் சந்தியைப் பற்றித்தான் கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். ஆனால் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். நஸ்ரின் மட்டும் எந்தப் படத்தைக் கண்டாலும் ஓரத்தில் கயிறு இருக்கிறதா என்று தேடுகிறாள். அவளுக்கு அது விளையாட்டு.

போன கிழமை றிஸானாவிடமிருந்து ஒரு நெகட்டிவ் சுருள் வந்தது. புதிய வில்லை இன்னும் போய்ச் சேரவில்லை போலும். முழுவதையும் ஓரம் வெட்டாமல் அடித்தேன். வாசலில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளே, செபமாலை அண்ணர் தைத்த வெள்ளைத் துணிக்கு முன்னால். ஒவ்வொரு பெண்ணின் தலைக்குப் பின்னாலும் அந்த மூட்டுத் தெரிகிறது. ஓரங்களில் துணி மட்டும். வீதியைக் காட்டும் வழி அடைபட்டுவிட்டது. இனி அதைச் சொன்னாலும் அவளுக்குக் கெடுதல் வராது; அதனால்தான் அவள் அப்படிக் காட்டினாள் என்பதை இங்கே எழுதத் துணிந்தேன்.

ஓரங்களில் ஒன்றுமில்லை என்று கண்டபின் வாப்பா சொன்ன இடத்தையே பார்த்தேன். முகங்களை. அடையாள அட்டைக்காக முக்காட்டைச் சற்றுப் பின்னால் தள்ளி, நேரே பார்க்கும் முகங்கள். ஒவ்வொன்றாக, ஈரத்தோடு, விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். சுருளின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை எல்லோரும் எங்கள் முஸ்லிம் பெண்கள். ஒரு நெற்றியிலும் பொட்டு இல்லை.

இன்றைய நிலை இது. சவளக்கடையிலிருந்து வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கடையை மூடுவேன் என்று றிஸானா சொன்ன நாள் வந்துவிட்டது. மருந்துக்கடை டெலிபோன் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. விசா இன்னும் வரவில்லை. அலுவலகத்துக் கோப்பில் இருப்பது நான் ஓரம் வெட்டி அடித்த படம்.